செட்டுச் சுவரில் நைனா அடித்த டப்பா

என் வயிற்றின் உட்புறம் இளஞ்சிவப்பாக, ஈரமாக, விளக்கு வெளிச்சத்தில் மினுங்கிக்கொண்டிருக்கும் என்று நாற்பத்தெட்டு வயது வரைக்கும் எனக்குத் தெரியாது. திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் தொண்டை மரத்துப்போக மருந்து அடித்து, கறுப்புக் குழாய் ஒன்றை வாய் வழியாக விட்டு எடுத்த படம் அது. டாக்டரம்மா அதை அச்செடுத்து மேசையில் என் முன்னால் வைத்தார். இத்தனை வருசமாக நான் கொட்டிய களியும் கருவாட்டுக் குழம்பும் போய்ச் சேர்ந்த இடமா இவ்வளவு அழகாக இருக்கிறது என்று வாயடைத்துப் போனேன். மலை மேலே மணிக்கணக்கில் நின்றாலும் சாமியை ஒரு நொடிதான் பார்க்க விடுவார்கள். இங்கே என்னை நானே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம், யாரும் "ஜரகண்டி" சொல்லித் தள்ளவில்லை.

அந்த அழகுக்கு நடுவில் வெள்ளையாக ஒரு சின்னப் பள்ளம் இருந்தது.

"அதுதாம்மா புண்ணு. ரத்தம் அங்கேருந்துதான் போயிருக்கு," என்றார் டாக்டரம்மா. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், சித்தூர்ப் பக்கத்துக்காரர் என்பதால் தமிழும் நன்றாக வரும்.

நகரியில் எங்களுக்கு நாலு பவர்லூம் தறி போட்ட ஒரு செட்டு, தறிக் கொட்டகை, இருக்கிறது. என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, போட்ட செட்டு அது. இப்போது நானும் என் வீட்டுக்காரரும் ஓட்டுகிறோம். அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். என் தறிக்குப் பக்கத்தில், நாலாவது தறியில், அடுத்த தெருக்காரி ஒருத்தி பல வருசமாக வேலை செய்கிறாள். என் வயசுதான், வாயும் என்னைப் போலவே நீளம். அந்த மாசியில் ஒரு வாரமாக எனக்கு வெளிக்குப் போவது தார் போலக் கறுத்து ஒட்டிக்கொண்டு இருந்தது. கத்தரிக்காய் தின்றதால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒரு காலை தறிக்குப் பக்கத்திலேயே சுருண்டு விழுந்தேன். மாமா மோட்டாரை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். அன்று திருப்பதியில் எனக்கு முகம் தெரியாத யாரோ கொடுத்த ரத்தத்தை இரண்டு பாட்டில் ஏற்றினார்கள்.

படத்தைப் பார்த்து வியந்ததெல்லாம் ஒரு பக்கம். அந்தப் பள்ளத்தைப் பார்த்ததும் எனக்கு நைனா ஞாபகம் வந்துவிட்டது. எட்டு வருசத்துக்கு முன்னால் அவர் வயிற்றில் வந்த புற்றில்தான் செத்தார். அதற்கு முன் பல வருசம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு "கேஸும்மா, சும்மா கேஸு" என்று சொல்லிச் சொல்லியே ஓட்டினார். நாங்களும் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்தோம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது அவரால் ஒரு வாய் கஞ்சிகூட இறக்க முடியவில்லை.

"எனக்கும் அதாம்மா?" என்று கேட்டேன்.

டாக்டரம்மா புண்ணிலிருந்து துளித்துளியாகச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார். ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. புற்று இல்லை. மாமா வாசல் பக்கம் திரும்பி மலையைப் பார்த்துக் கும்பிட்டார். ஆனால் டாக்டரம்மா முகம் முழுசாக மலரவில்லை. புண்ணுக்குக் காரணமான கிருமி ஒன்று உள்ளே குடியிருக்கிறது, அதை விட்டுவைத்தால் புண் திரும்ப வரும், வருசக்கணக்கில் அப்படியே விட்டால் சிலருக்கு அது நைனாவுக்கு வந்ததில் போய் முடியும் என்றார். அதை ஒழித்தே ஆகவேண்டும். எனக்கு அன்றிலிருந்து அந்த ஒரு விஷயத்தைத் தவிர வேறெதிலும் மனசு போகவில்லை.

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் அவர் அதைப் படம் போட்டுக் காட்டினார். முறுக்கின சின்ன உடம்பு, ஒரு முனையில் நாலைந்து வால். வயிற்றில் சுரக்கும் அமிலத்தில் ஆட்டுக்கறியே கரைந்துபோகும், ஆனால் இது கரையாது. தன்னைச் சுற்றி அமிலத்தை முறிக்கும் ஒரு மேகத்தைத் தானே உண்டாக்கிக்கொண்டு, வாலைச் சுழற்றிச் சுவரின் பசைக்குள் துளைத்துப் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். மனுசன் காடு காடாக நடந்து புதுப்புது ஊர் கண்டுபிடித்த காலத்திலிருந்தே அவன் வயிற்றில் இதுவும் கூடவே வந்திருக்கிறதாம். எனக்குப் பயத்தை மீறி ஒரு மரியாதையே வந்துவிட்டது. நான் நகரியிலிருந்து சென்னைக்கு நாலு தடவைதான் போயிருக்கிறேன். என் வயிற்றில் இருப்பவனோ உலகம் சுற்றியவன்.

மூன்று வகை மாத்திரை, காலை மாலை, பதினாலு நாள். நான் ஒரு வேளை தவறவிட்டிருந்தால் கேளுங்கள். தறி ஓடிக்கொண்டிருந்தாலும் நேரம் வந்தால் நிறுத்திவிட்டு முழுங்கினேன். வலி போன இடம் தெரியவில்லை. சோறு ருசித்தது. பக்கத்துத் தறிக்காரியிடம் சண்டை போடத் தெம்பு வந்தது.

சில வாரம் கழித்து வரச்சொல்லியிருந்தார்கள். மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார்கள். பள்ளம் மூடி, அந்த இடத்தில் நகக்கீறல் போல ஒரு தழும்பு மட்டும் இருந்தது. என் உடம்பு தன்னைத்தானே தைத்துக்கொண்டிருந்தது. பிறகு மூச்சுப் பரிசோதனை. ருசியில்லாத தண்ணீர் போல ஒன்றைக் குடிக்கவைத்து, சற்று நேரம் உட்காரவைத்து, ஒரு பையில் ஊதச் சொன்னார்கள். அவன் உள்ளே இருந்தால் நான் குடித்ததை உடைப்பான், உடைத்த அடையாளம் மூச்சில் வரும். கத்தி இல்லை, ஊசி இல்லை, வெறும் மூச்சு. நான் பையை ஊதிக் கொடுத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாம் விடும் காற்றுக்கு இவ்வளவு விஷயம் தெரியுமா என்று மலைப்பாக இருந்தது.

"இருக்கும்மா," என்றார் டாக்டரம்மா. "புண்ணு ஆறிடுச்சு, கிருமி போகல."

புத்தூர் வரும் வரைக்கும் பஸ்ஸில் மாமாவோடு சண்டை போட்டேன். அவர் என்ன செய்தார் என்று கேட்டால் பதில் கிடையாது. யாரையாவது திட்டியாக வேண்டும், பக்கத்தில் அவர்தான் இருந்தார். புத்தூர் தாண்டியதும் எனக்குக் குற்றவாளி கிடைத்துவிட்டான். நாடா.

தறியில் இடமும் வலமுமாக ஓடும் நாடாவின் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை இருக்கும். உள்ளே இருக்கிற நூல் அந்தத் துளை வழியாக வெளியே வரவேண்டும். எங்கள் செட்டில் அதற்கு ஒரே வழி, துளையில் வாயை வைத்துச் சுர்ரென்று ஒரு உறிஞ்சு. நூல் நாக்கில் வந்து நிற்கும். நூல் தீரத் தீர நாள் முழுக்க இதே வேலை. ஒரே நாடாவை மாமா உறிஞ்சுவார், நான் உறிஞ்சுவேன், பக்கத்துத் தறிக்காரியும் உறிஞ்சுவாள். ஆக, மாத்திரையால் செத்தவன் இவர்கள் வாயிலிருந்து மறுபடி எனக்கு வந்திருக்கிறான்! மறுநாளே பழைய குடைக் கம்பியை வளைத்துக் கொக்கி செய்து ஆளுக்கொன்று கொடுத்து, இனிமேல் யாரும் வாய் வைக்கக்கூடாது என்று சட்டம் போட்டேன்.

"உன் வாயி மட்டும் வெள்ளி, எங்க வாயி தகரமா?" என்றாள் பக்கத்துத் தறிக்காரி. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்த முறை டாக்டரம்மாவிடம் என் கண்டுபிடிப்பைப் பெருமையாகச் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார்.

"கொக்கி நல்ல யோசனைம்மா. வாயால உறிஞ்சினா பஞ்சுத் தூசி நெஞ்சுக்குள்ள போகும். ஆனா பெரியவங்களுக்கு இது திரும்பப் புதுசா ஒட்டறது அபூர்வம். உங்ககிட்ட இருக்கறது அதே பழசுதான். சாகவே இல்ல." பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "இதுக்கு முன்னாடி என்னென்ன மாத்திரை சாப்பிட்டிருக்கீங்க? இருமல், பேதி, காய்ச்சல், எதுக்காவது?"

"ஒண்ணுமே இல்லம்மா. மாத்திரன்னாலே எனக்கு ஆவாது. எனக்குன்னு ஆஸ்பத்திரி வாசப்படியே மிதிச்சதில்ல."

மாமா தொண்டையைச் செருமினார். "டப்பாவுல கீறத எடுத்துத் துன்னுவாம்மா."

"அது மாத்திரையா?" என்று நான் அவரைப் பார்த்துச் சீறினேன். சத்தியமாக அதை நான் மாத்திரை என்று நினைத்ததே இல்லை.

செட்டுச் சுவரில், சுவிட்சுப் பலகைக்கு மேலே, இரண்டு ஆணியில் ஒரு பிஸ்கட் டப்பா தொங்கும். நைனா அடித்து மாட்டியது. யாருக்காவது உடம்பு சரியாகி மாத்திரை மிச்சம் இருந்தால் அதில் போட்டுவிட வேண்டும். யாருக்காவது உடம்புக்கு வந்தால் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். நைனாவுக்கு அட்டையில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாது, நிறம்தான் கணக்கு. நீள வெள்ளை இருமலுக்கு. மஞ்சள் பேதிக்கு. ரோஸ் கேஸுக்கு. "மிச்சம் கீதா, போடு. வோணுமா, எடு," என்பார். அடுத்த தெருச் செட்டுகளிலிருந்தெல்லாம் வந்து எடுத்துப் போவார்கள், போட்டுவிட்டும் போவார்கள். நைனா செத்த அன்றைக்குப் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதவர்களில் பாதிப் பேர் அந்த டப்பாவைச் சொல்லித்தான் அழுதார்கள். எங்கள் வீட்டுக்கு அது ஒரு கௌரவம். அதில் எடுத்துத் தின்பது, அடுத்த வீட்டில் உப்பு வாங்குவது போல, கணக்கில் வராத காரியம்.

"அந்த டப்பாவை எடுத்துட்டு வாங்க," என்றார் டாக்டரம்மா.

மறு வாரம் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு திருப்பதி பஸ்ஸில் போனேன். பக்கத்தில் ஒரு அம்மா, மலைக்குப் போகிற குடும்பம். பஸ் குலுங்கும்போதெல்லாம் டப்பா கலகலவென்றது. "புளிசாதமா?" என்றாள். ஆமாம் என்றேன். இவ்வளவு சத்தம் போடுகிற புளிசாதத்தை அவள் வாழ்க்கையில் பார்த்திருக்க மாட்டாள், ஆனாலும் மேற்கொண்டு கேட்கவில்லை.

டாக்டரம்மா ஒரு தாளை விரித்து எல்லாவற்றையும் கொட்டினார். வெட்டிய அட்டைத் துண்டுகள், ஒற்றை ஒற்றை மாத்திரைகள், காகிதத்தில் மடித்தவை. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து ஒதுக்கினார். வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள், ஆனாலும் அவர் அவசரப்படவில்லை. கடைசியில் நீள வெள்ளையை என் பக்கம் நகர்த்தினார்.

"இது எத்தனை தடவை சாப்பிட்டிருப்பீங்க?"

யோசித்தேன். பஞ்சுத் தூசியில் இருமல் எங்களுக்கு வருசா வருசம் வரும். பனி காலத்தில் ஒன்று, மழைக்கு ஒன்று. இருமல் வந்தால் இரண்டு வெள்ளை, நின்றுவிட்டால் அதோடு சரி. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இப்படித்தான்.

"கணக்கு இல்லம்மா," என்றேன்.

"நான் முதல்ல உங்களுக்குக் கொடுத்த மூணு மாத்திரையில ஒண்ணும் இதுவும் அண்ணன் தம்பி. நீங்க இருமலுக்கு இதைச் சாப்பிட்டப்பல்லாம் இது வயித்துக்குள்ள இருந்தவனுக்கும் போய்ச் சேர்ந்திருக்கு. ரெண்டு நாள் அடிச்சா கொஞ்சம் சாகும். தாக்குப்பிடிச்சது மிஞ்சும். மிஞ்சினதுதான் குட்டி போடும். அடுத்த இருமலுக்கு மறுபடி ரெண்டு நாள். இப்படியே வருசக்கணக்கா நடந்திருக்கு. நான் கொடுத்தப்போ அவனுக்கு அது பழக்கமான மருந்து."

என் இருமல்கள் ஒன்றுகூட எனக்கு ஞாபகமில்லை. எந்த மழைக்கு இருமினேன், எந்தப் பனிக்கு இருமினேன், எல்லாம் மறந்தாயிற்று. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒன்று மட்டும் எல்லாவற்றையும் உடம்பில் எழுதி வைத்துக்கொண்டு, தன் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்து, என் வயிற்றிலேயே உட்கார்ந்திருக்கிறது. பயந்தேனா, வியந்தேனா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. உடம்பெல்லாம் சிலிர்த்தது மட்டும் நிஜம்.

"முதல்ல இது எனக்கு எங்கேருந்தும்மா வந்துது?"

"பெரும்பாலும் சின்ன வயசுல, வீட்டுலயே வரும். கூட இருந்தவங்க, ஊட்டி வளர்த்தவங்க, அவங்ககிட்டேருந்து."

என் அம்மா நான் பிறந்த வருசமே போய்விட்டாள். எனக்கு ஊட்டியது நைனாதான். களி உருண்டையை முதலில் தன் வாயில் போட்டுச் சூடு பார்த்து, கடித்துச் சின்னதாக்கி, எடுத்து என் வாயில் வைப்பார். எனக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. பீடி வாசனையோடு வரும் களி. "அப்போ நைனாவுக்கு இருந்ததும் இதுதானா, அதுதான் அவரை..." என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் நிறுத்தினேன். டாக்டரம்மா பொய் சொல்லவில்லை. இருந்திருக்கலாம், இனிமேல் பார்த்துச் சொல்ல வழியில்லை என்றார்.

இரண்டாவது வைத்தியம் ஆரம்பித்தது. இந்த முறை நாலு வகை, ஒரு நாளைக்கு நாலு வேளை, பதினாலு நாள். அதில் ஒன்று ரொம்பப் பழைய மருந்து, இப்போது யாரும் அதிகம் எழுதுவதில்லையாம். மாமா நகரியில் கேட்டு, புத்தூரில் கேட்டு, கடைசியில் திருப்பதியில் ஒரு சந்துக்குள் கண்டுபிடித்து வாங்கி வந்தார். டப்பாவில் கிடந்த மஞ்சள் மாத்திரையும் நாலில் ஒன்று. "இதுவும் அவனுக்குக் கொஞ்சம் பழக்கம்தான். ஆனா முழு அளவுல, மத்த மூணும் சேர்ந்து, பதினாலு நாளும் விடாம போனா தாக்குப்பிடிக்கறது கஷ்டம். நடுவுல விட்டா மட்டும் நான் பொறுப்பில்ல," என்றார் டாக்டரம்மா. மருந்து வேளையில் பாலும் தயிரும் கூடாது. நாக்கு கறுக்கும், வெளிக்குக் கறுப்பாகப் போகும், அது மருந்தின் நிறம், பயப்படக்கூடாது. தார் போல ஒட்டினாலோ தலை சுற்றினாலோ உடனே வரவேண்டும். இதையெல்லாம் ஒரு தாளில் தெலுங்கில் எழுதியும் கொடுத்தார்கள். டப்பாவில் இருந்ததையெல்லாம் அவரே வாங்கி வைத்துக்கொண்டார். காலி டப்பாவைக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே மாட்டினேன். நைனாவின் ஆணி வெறுமையாக நிற்பதைப் பார்க்க மனசு வரவில்லை.

வாயில் இரும்பைச் சப்பியது போல ஒரு ருசி. காப்பியும் இரும்பு, சோறும் இரும்பு. நாலாம் நாள் காலை கறுப்பாகப் போனது. சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள், எழுத்திலும் இருந்தது. இருந்தாலும் அதைப் பார்த்ததும் சொன்னதும் எழுதினதும் எனக்கு மறந்துபோனது. முதல் தடவை விழுந்ததற்கு முன்னால் பார்த்த அதே நிறம். மாமாவைக் கூப்பிட்டேன். அவர் தாளை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். "தல சுத்துதாமே?" என்றார். தெரியவில்லை என்றேன். செட்டில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் என்னை நடக்கவிட்டுப் பார்த்தார். பிறகு ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். ஒற்றைக் காலில் நின்றுகொண்டே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலை சுற்றவில்லை, ஒட்டவும் இல்லை. மருந்துதான்.

ஒன்பதாம் நாள் சிரிப்பு வரவில்லை. தின்றதெல்லாம் வாந்தி. தறியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. பக்கத்துத் தறிக்காரிக்கு என்னைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கோபமெல்லாம் மறந்து தண்ணீர்ச் சொம்போடு வந்து முதுகைத் தடவினாள்.

"போதும் வுடுமே. ஒம்போது நாளு துன்னது போதாதா? மிச்சத்த டப்பாவுல போடு, யாருக்கனா ஆவும்."

அவ்வளவு பாசமாகத்தான் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே வார்த்தை, நைனா சொன்ன அதே வார்த்தை. நான் இங்கே நிறுத்தினால் உள்ளே மிஞ்சியிருப்பவன் இந்த நாலையும் படித்துக்கொள்வான். மிச்ச ஐந்து நாள் மருந்து டப்பாவுக்குப் போகும், அங்கிருந்து இன்னொருத்தி வயிற்றுக்குப் போகும், அங்கே இருப்பவனும் படித்துக்கொள்வான். அவள் கையிலிருந்த சொம்பை வாங்கி, வாயைக் கொப்பளித்துவிட்டு, அன்றைய மூன்றாம் வேளையை முழுங்கினேன். டாக்டரம்மாவிடம் போனில் கேட்டபோது வாந்திக்கு ஒன்று எழுதிக் கொடுத்தார். மீதி ஐந்து நாளும் மாமா என் எதிரில் நின்று, நான் வாயைத் திறந்து காட்டிய பிறகுதான் நகர்ந்தார். பதினாலாம் நாள் கடைசி அட்டை காலியானது. டப்பாவில் போட எதுவும் மிச்சமில்லை.

பிறகு ஒரு மாசத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். கேஸ் மாத்திரையும் தொடக்கூடாது, தொட்டால் கிருமி பதுங்கிக்கொள்ளும், பரிசோதனை பொய் சொல்லும். நெஞ்செரிந்த நாட்களில் வெறும் சாதத்தைத் தின்றுவிட்டு மலைப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தேன். நான் பெரிய பக்தை இல்லை. ஆனால் அந்த மாசம் வேண்டிக்கொண்டேன்.

பரிசோதனை அன்று காலை வெறும் வயிற்றோடு போய், குடிக்கக் கொடுத்ததைக் குடித்து, பையில் ஊதினேன். உள்ளேயிருந்து வந்த என் சூடான காற்று பையை உப்பவைத்தது. நைனா செத்தது மாதிரி நானும் சாவேனா மாட்டேனா என்பது அந்தக் காற்றில் இருந்தது. நர்ஸம்மா அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். மாமா நடைபாதையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

டாக்டரம்மா தாளைப் பார்த்தார். சிரித்தார். "இல்லம்மா. போயிடுச்சு. மொத்தமா."

மாமா மேசையைத் தொட்டுக் கும்பிட்டார். நான் சத்தம் போட்டு அழுதேன். சந்தோஷத்தில் என்றுதான் இருவரும் நினைத்தார்கள், பாதி அதுதான். மீதியை எப்படிச் சொல்வது? எத்தனையோ ஆயிரம் வருசம் வயிறு வயிறாக வந்து, களி உருண்டையோடு நைனா வாயிலிருந்து என் வாய்க்கு வந்து, நாற்பது வருசத்துக்கு மேல் என்னோடு உயிரோடு இருந்தது இன்றைக்கு என்னோடு முடிந்துபோனது. என்னைக் கொல்லவிருந்தது, முடிந்தது நல்லதுதான். ஆனாலும் அது நைனா ஊட்டியது.

மத்தியானம் செட்டுக்கு வந்தபோது நாலாவது தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தறிக்காரி சுவிட்சுப் பலகைக்குக் கீழே முக்காலி மேல் ஏறி நின்று, டப்பாவுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். குனிந்து குனிந்து இருமினாள். இரண்டு மாசமாகவே அவளுக்கு இருமல் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் என் வயிற்றைத் தவிர வேறெதையும் கேட்டிருக்கவில்லை.

காலியாக மாட்டிய டப்பா அது. எட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. யார் யாரோ வந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நீள வெள்ளை, மஞ்சள், ரோஸ்.

அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். கையில் இரண்டு வெள்ளை இருந்தது.

"இன்னாமே? வுடு," என்றாள்.

"துன்னாத. நாளிக்கி காலைல என்னோட திருப்பதி வா. ரெண்டு மாசமா இருமினு கீற, நெஞ்சப் பாக்கணும்."

"இதுக்குப் போயி திருப்பதியா? உங்க நைனா வெச்ச டப்பாமே இது!"

"நைனா இருந்திருந்தா அவரே கழட்டியிருப்பாரு," என்றேன். அவர் கழற்றியிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. மாமா மோட்டாரை நிறுத்திவிட்டுச் சுத்தியலை எடுத்துக் கொடுத்தார். ஆணிகள் இரண்டும் லேசில் வரவில்லை. நைனா எதைச் செய்தாலும் அழுத்தமாகத்தான் செய்வார். டப்பா இருந்த இடத்தில் சுவர் இன்னும் அவர் காலத்து நீலச் சுண்ணாம்பில் இருந்தது. நான் உள்ளங்கையை அதில் வைத்துப் பார்த்தேன். அவள் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு வெள்ளையையும் டப்பாவில் திருப்பிப் போட்டாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்தேன். டப்பா என் மடியில் கலகலத்தது, டாக்டரம்மாவிடம் ஒப்படைத்துவிட எடுத்துப் போனேன். வழியெல்லாம் அவள் இருமிக்கொண்டும், தறி சும்மா நிற்கிறதே என்று என்னைத் திட்டிக்கொண்டும் வந்தாள். புத்தூர் தாண்டி மலை தெரிந்ததும் பேச்சை நிறுத்தி, தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

இதே பஸ் நைனா காலத்திலும் இதே ரோட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது. சும்மா கேஸு என்று அவர் சொன்ன ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் தறியை நிறுத்திவிட்டு அவரை இப்படி ஜன்னலோரம் உட்காரவைத்துக் கூட்டிப் போயிருக்கலாம்.